கீழ்ப் பொத்தான்

வீட்டில் எல்லோரும் அவளைக் குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரக்குடுக்கை என்பதன் சுருக்கம். அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை அவள் யார் எதிரிலும் நின்றதில்லை.

அவளுடைய அப்பா கப்பலில் சமையல்காரர். கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். போன தடவை கிளம்பும்போது, ஆறு வயதுத் தம்பி அவரை உடும்புப் பிடியாகக் கட்டிக்கொண்டான். வாசலில் டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இவன் விடுவதாக இல்லை.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? தன் கைக்கடிகாரத்தின் மேல் பொத்தானை அழுத்தினார்.

அது குரோனோகிராஃப் கடிகாரம். மணி காட்டும் முட்கள் தம் பாட்டுக்கு ஓடும். முட்டை வேகும் நேரத்தை அளக்க அதில் தனியாக ஒரு சிவப்பு முள் உண்டு. மேல் பொத்தானை அழுத்தினால் அது ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும்.

தம்பி ஒருவழியாகக் கையை எடுத்ததும் அப்பா சிவப்பு முள்ளை நிறுத்தினார். கடிகாரத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தார்.

"இங்க பாருடா. இவ்வளவு நேரம் நீ என்னை விடாம பிடிச்சிருந்தே. நான் வர்ற வரைக்கும் இது அப்படியே இருக்கட்டும். ஈரக் கையால எடுக்கக் கூடாது. பொத்தானைத் தொடக் கூடாது. குடுக்கை, உனக்குத்தான் சொல்றேன்!"

"நான் என்னப்பா செஞ்சேன்?"

"இன்னும் செய்யல."

அன்றிலிருந்து தினமும் தம்பி மெல்லிய துணியால் கடிகாரத்தைத் துடைப்பான். சிவப்பு முள்ளுக்கு நேராக ஒரு முத்தம் கொடுப்பான். "குட் நைட், அப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் தூங்குவான்.

ஒரு சனிக்கிழமை மதியம், பக்கத்து வீட்டுச் சிநேகிதி வந்தாள். "ஒத்தைக் கால்ல நான் எவ்வளவு நேரம் நிப்பேன் தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டாள். குடுக்கைக்குப் பொறுக்குமா? தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் தலைமாட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்து வந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். மேல் பொத்தானை அழுத்தினாள்.

நின்றிருந்த சிவப்பு முள் ஓடத் தொடங்கியது.

ஐயையோ! அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று நிறுத்தினாள். முள் பழைய இடத்தைத் தாண்டிப் போயிருந்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நம் குடுக்கை நன்றாகவே பதறினாள். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று நினைத்து, அதையும் அழுத்திவிட்டாள்.

முள் நேராகப் பூஜ்யத்துக்குப் போய் நின்றது.

"அம்மா என்னைத் தேடுவாங்க" என்று சிநேகிதி நழுவினாள், இரண்டு காலாலும்.

குடுக்கை தம்பியை எட்டிப் பார்த்தாள். தம்பி விழித்தால் என்ன சொல்வது? சிவப்பு முள் முன்பு எட்டுக்குப் பக்கத்தில் நின்றது அவளுக்கு நினைவிருந்தது. மறுபடி ஓடவிட்டு, எட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினாள். பார்த்தால் பழையபடியே இருந்தது.

தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவும் முத்தம் கொடுத்து, "குட் நைட், அப்பா" என்றான். குடுக்கை போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அவன் கண்டுபிடிக்காவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் ஒவ்வொரு இரவும் அந்தக் குட் நைட்டைக் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த வாரம் அப்பா வீடியோவில் பேசினார். தம்பி கடிகாரத்தைப் போனில் இடிக்காத குறையாகப் பிடித்தான்.

"பாருங்கப்பா! அப்படியே பத்திரமா வெச்சிருக்கேன்!"

அப்பா உற்றுப் பார்த்தார். போனை முகத்தருகே கொண்டுபோய் மறுபடியும் பார்த்தார்.

"ஆமாடா கண்ணா, அப்படியே இருக்கு" என்றார். பிறகு, "குடுக்கை, அதுல சின்ன வட்டத்துக்குள்ள ஒரு குட்டி முள் இருக்கே, எதுக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா."

"அது நிமிஷத்தை எண்ணும்மா. சிவப்பு முள் ஒரு சுத்து முடிச்சா, இது ஒரு கோடு நகரும். சும்மா சொன்னேன்."

பேசி முடித்ததும் அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். குட்டி முள் பூஜ்யத்தில் இருந்தது. தம்பி அப்பாவை எத்தனையோ நிமிடம் விடாமல் பிடித்திருந்தான். இந்தக் கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. அப்பாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரிந்தும், தம்பி அழக்கூடாதே என்று பொய் சொல்லியிருக்கிறார். தன்னால் அப்பாவும் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டதே! அதை அவளால் தாங்க முடியவில்லை.

அன்றிரவு தம்பி கடிகாரத்தை முகத்தருகே கொண்டுபோனபோது, அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"டேய், இது அப்பாவோட நேரம் இல்லடா. தெரியாம பொத்தானை அழுத்திட்டேன். எல்லாம் அழிஞ்சுபோச்சு. அப்புறம் நானா முள்ளை இங்க கொண்டுவந்து வெச்சேன்."

"பொய் சொல்றே."

"நிஜமாடா."

தம்பி கடிகாரத்தையே பார்த்தான். "அப்போ நான் தினமும் முத்தம் கொடுத்தது யாரோட நேரத்துக்கு?"

"என்னோடதுக்கு."

அவன் உதடு பிதுங்கியது. ஓவென்று அழுதான். அவள் தன் புதுக் கலர் பென்சில் டப்பாவை அவன் மடியில் வைத்தாள்.

"வேணாம் போ! எனக்கு அதுதான் வேணும்!"

அதுதான் யாரிடமும் இல்லையே. அவளும் அவனோடு சேர்ந்து அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் அவன் கேட்டான். "எதை அழுத்தினா அழியும்?"

அவள் காட்டினாள். இரண்டு கட்டைவிரலாலும் கீழ்ப் பொத்தானை அவனே அழுத்தினான். "அப்பா வர்ற வரைக்கும் காலியாவே இருக்கட்டும்."

அப்புறம் அக்காவோடு டூ விட்டுவிட்டான். கடிகாரத்தை மட்டும் தினமும் துடைத்தான். முத்தம் கொடுக்கவில்லை. அவள் எத்தனை முறை மன்னிப்புக் கேட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒருநாள் காலை அப்பா பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். தம்பி பாய்ந்து ஓடினான். பாதி வழியில் நின்றான். திரும்பி உள்ளே ஓடினான். கடிகாரத்தைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினான்.

"நீ பிடி."

"நானா?"

"நீதான். மேல் பொத்தான். கீழ்ப் பொத்தான் பக்கம் கை போச்சு, அவ்வளவுதான்!"

அவள் கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மேல் பொத்தானை அழுத்தினாள். தம்பி அப்பாவின் மேல் தாவினான்.

சிவப்பு முள் ஒரு சுற்று முடித்தது. குட்டி முள் ஒரு கோடு நகர்ந்தது. பிறகு இன்னொரு கோடு.

"சாப்பாடு ஆறுது" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

அப்பா ஒரு கையை அவள் பக்கம் நீட்டினார். "நீயும் வாம்மா."

"அவன் போதும்னு சொல்லட்டும்ப்பா, வர்றேன்."

பழைய நேரம் எவ்வளவு என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தம்பி இன்னும் போதும் என்று சொல்லவில்லை. குடுக்கை அவசரமே படாமல் காத்திருந்தாள்.