மூட்டையில் மாறிய மாவு

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, பேக்கரிக்கார மிஸ் எர்னஸ்டின் ஃபேசி காவல் நிலையத்துக்குள் நுழைந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளை.

“மூட்டையில கோதுமை மாவு இல்ல சார்ஜென்ட். மரவள்ளி மாவு இருக்கு.”

கான்ஸ்டபிள் ஓர்லீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருட்டு என்றால் பொருள் காணாமல் போகும். இங்கே மூட்டை இருக்கிறது, எடை குறையவில்லை, பூட்டு உடையவில்லை. மாவு மட்டும் வேறாகிவிட்டது.

ஜமைக்காவின் மலைப்பக்கத்துச் சந்தை ஊரான பெல்ஃபீல்டில் அந்த வருடம் சோப்பும் அரிசியும் கண்ணில் படவில்லை. ஒன்றரை மாதம் மாவே இல்லாமல் இருந்த பிறகு ஒரே ஒரு மூட்டை கோதுமை மாவு வருவதாக இருந்தது. தெருவுக்கு ஒரு கேக் என்று பேசி முடித்து, பழங்களை ரம்மில் ஊறப்போட்டுவிட்டு ஊரே காத்திருந்தது. புதன்கிழமை வரவேண்டிய மூட்டையை லாரிக்காரன் ரூபர்ட் டல்லக் வியாழக்கிழமை கொண்டுவந்து இறக்கினான். அன்று காலை மிஸ் எர்னஸ்டின் பிரிக்கும்வரை, தைத்த வாயோடு அது பேக்கரிக் கிடங்கில் இருந்தது. அவளைத் தவிர கிடங்குச் சாவி இருந்தது கிடங்குக் காவல்காரக் கிழவர் செஃபனையாவிடம் மட்டும்தான்.

சந்தைக்கூட்டம் கிழவரைத் திருடன் திருடன் என்று கத்தியபடி இழுத்து வந்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் ரூபர்ட்கூட தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“சாவி என் இடுப்பை விட்டு இறங்கல மகளே,” என்றார் செஃபனையா. “அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் புரியல.”

ஓர்லீனுக்கும்தான் புரியவில்லை. ஆனாலும் அவரை உள்ளே வைத்துப் பூட்டினாள்.

கிடங்கில் சார்ஜென்ட் பின்னக் நிதானமாக மண்டியிட்டு, அறுபட்ட நூலை எடுத்தார். “மில்லுல மிஷின் தையல் போடுவாங்க. இது மீன்பிடிக்கிற நூல். கையால தைச்சிருக்கு.”

“அப்போ செஃபனையாதான் சார். ராத்திரி கிடங்குல தனியா இருக்கறவர். பிரிச்சு மாத்திட்டுத் தைச்சிருப்பார்.”

“இருக்கலாம். துணியைத் தொட்டுப் பாரு.”

மூட்டைத் துணி அட்டை மாதிரி விறைத்திருந்தது. நீல எழுத்துகள் கரைந்து ஓடியிருந்தன.

“உள்ள இருக்கற மாவு?”

“காய்ஞ்சிருக்கு சார்.”

“தரை?”

“தூசியா இருக்கு. பக்கத்துல இருக்கற சர்க்கரைகூட உதிரியா இருக்கு.”

அவர் தலையாட்டினார். ஓர்லீனுக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. துணி நனைந்திருக்கிறது, மாவு நனையவில்லை, தரையும் நனையவில்லை. எதை எதோடு சேர்ப்பது?

சார்ஜென்ட் ரூபர்ட்டைக் கிடங்குக்கே வரவழைத்து மிஸ் எர்னஸ்டினுக்கு எதிரே நிற்கவைத்தார்.

“துணி கஞ்சி போட்ட மாதிரி நிக்குது,” என்றார். “கோதுமை மாவு உள்ள இருக்கும்போது தண்ணி புகுந்தாத்தான் அப்படி ஆகும். நனைஞ்சு களியான மாவை எவனும் திருட மாட்டான். அதனால இது திருட்டு இல்ல. கிடங்குல ஈரமே இல்ல. ஆக, நனைஞ்சதும் மாத்தினதும் இங்க வர்றதுக்கு முன்னால. ஏன் ஒரு நாள் லேட்டு, ரூபர்ட்?”

“டயர் பஞ்சர் சார்.”

“பஞ்சர் ஒட்ட ஒரு நாளா? புதன்கிழமை நீ வர்ற வழியில ஆத்துல வெள்ளம்.”

ரூபர்ட் சுவரில் சாய்ந்தான். “ஆத்து நடுவுல லாரி நின்னுடுச்சு சார். மூட்டை முங்கிடுச்சு. ஊரே வழி பார்த்துட்டு நிக்குது, எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றது? துணியை அடுப்புல காட்டிக் காய வெச்சு, என் பெண்டாட்டி விக்க வெச்சிருந்த மரவள்ளி மாவு மொத்தத்தையும் கொட்டினேன். மீன்பிடிக்கிற நூலால வாயைத் தைச்சேன். நான் யாருதையும் எடுக்கல.”

“செஃபனையாவோட நல்ல பேரை எடுத்துட்டே,” என்றார் சார்ஜென்ட். “அவரை இழுத்துட்டு வரும்போது நீ அங்கதான் நின்னே.”



ஓர்லீன் காவல் நிலையத்துக்கு ஓடிப்போய் லாக்கப் கதவைத் திறந்தாள். “மன்னிச்சிடுங்க பெரியவரே. நான்தான் அவசரப்பட்டுட்டேன். வெளிய வாங்க.”

கிழவர் எழுந்திருக்கவில்லை. “சந்தை நடுவுல என்னைத் திருடன்னாங்க. இல்லன்னு இந்த ரூமுக்குள்ள வந்து சொன்னா யாருக்குக் கேக்கும்?”

நண்பகலில் சந்தையில் கிறிஸ்துமஸ் முகமூடி ஆட்டக்காரர்கள் முரசை நிறுத்தினார்கள். ரூபர்ட் கவிழ்த்துப் போட்ட வாழைப்பழப் பெட்டிமேல் ஏறினான். ஆற்றையும் மூட்டையையும் தன் பயத்தையும் சொன்னான். செஃபனையாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர்லீன் தலை குனிந்திருந்தாள்.

மிஸ் எர்னஸ்டின்தான் கடைசியில் பேசினாள். “என்ன வேடிக்கை? வீட்டுல தேங்கா இருக்கறவங்க கொண்டு வாங்க. மரவள்ளிப் புட்டிங்தான் இந்த வருஷம்.”

கூட்டம் கலையத் தொடங்கியது. செஃபனையா மட்டும் அசையவில்லை.

“இன்னொரு தடவை சொல்லு ரூபர்ட். மீன் விக்கற பக்கம் கேட்டிருக்காது.”

ரூபர்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தான்.