ரெண்டு அரை சேர்ந்தால் ஓர் ஆள்

அந்தப் படகில் பிள்ளைகள் எல்லாரும் அரை ஆள்தான்.

படகின் முகப்பில் வெள்ளைப் பெயின்டில் ‘20 பேர்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். பெரியவர் ஒருவர் ஏறினால் படகுக்காரர் ஒன்று என்று எண்ணுவார். எட்டாம் வகுப்புக்குக் கீழே படிக்கிற பிள்ளைகள் ஏறினால், இரண்டு தலைகளைச் சேர்த்துப் பிடித்து ஒன்று என்பார். அந்த விதியை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை.

ஆறோ சின்ன ஆறு இல்லை. இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரையில் இருக்கும் பள்ளிக்கூடம் ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரியும். கடக்க இருபது நிமிடம் ஆகும்.

அவளுக்குப் பத்து வயது. வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை என்று ‘அரை டிக்கெட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாளடைவில் அதில் அரையும் தேய்ந்து வெறும் டிக்கெட் ஆகிவிட்டாள். படகுக்காரர் அவளுடைய சொந்தத் தாய்மாமன். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

டிக்கெட்டுக்கு ஜோடி கொசு. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. காதருகில் வந்து ஓயாமல் பேசுவதால் அவள் கொசு. தினமும் மாமா இருவர் தலையையும் சேர்த்துத் தட்டி ஒன்று என்று எண்ணுவார். அந்த ஓர் ஆளில் மேல்பாதி யார், கீழ்ப்பாதி யார் என்று அக்கரை போய்ச் சேரும்வரை சண்டை நடக்கும்.

“வாய் என்கிட்டதான் இருக்கு. அதனால நான்தான் மேல்பாதி,” என்பாள் கொசு.

“அப்ப நடக்கிறதெல்லாம் நானா?”

“ஆமா. என்னையும் சேர்த்துத் தூக்கிட்டு நட.”

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை படகு கவிழ்ந்தது.

அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நடு ஆற்றில் காற்று அடித்தது. இடப்பக்கம் இருந்தவர்கள்மேல் தண்ணீர் வாரியடித்தது. புத்தகப் பை நனையக் கூடாதே என்று பிள்ளைகள் எல்லாரும் ஒரேயடியாக வலப்பக்கம் நகர்ந்தார்கள். ஏற்கெனவே விளிம்புவரை அமிழ்ந்திருந்த படகு அந்தப் பக்கமே சாய்ந்து குப்புறப் புரண்டது. படகில் எட்டு லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன. நனைந்து பாழாகிவிடக் கூடாது என்று மூட்டையாகக் கட்டிப் பலகைக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

மாமா மூழ்கி மூழ்கி ஆறு பேரை இழுத்து வந்தார். டிக்கெட்டை அவள் சடையைப் பிடித்து இழுத்தார். மற்றவர்களை மீன்பிடிக்கிறவர்கள் வந்து தூக்கினார்கள். மூன்று பேரைக் காப்பாற்ற முடியவில்லை. கொசு அதில் ஒருத்தி; மற்ற இருவர் பெரியவர்கள்.

படகுத்துறையை ஒட்டி ஒரு நெல் குடோன். டிக்கெட்டின் அம்மாவுக்கு அங்கேதான் வேலை. மூட்டைகளின் வாயைத் தைப்பார். அன்றைக்கு அந்தக் குடோனுக்குள் டிக்கெட்டை உட்காரவைத்து, கோணிமேல் கோணியாக நான்கைப் போர்த்தியும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. வாசலில் ஓர் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை பேரை ஏற்றினாய் என்று அவர் மாமாவைக் கேட்டது உள்ளே நன்றாகக் கேட்டது.

“இருபது பேர் சார்,” என்றார் மாமா.

மாமா கணக்கில் அது சரிதான். பெரியவர்கள் பதினொன்று. பிள்ளைகள் பதினெட்டு, பாதியாக்கினால் ஒன்பது. கூட்டிப் பாருங்கள், இருபதுதான் வரும். ஏற்றியது சரி, காற்றுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். காற்று வந்து மறுத்துப் பேசவா போகிறது?

ஒரு வாரம் கழித்து, இறந்தவர்களின் பட்டியலைத் துறையில் ஒட்டினார்கள். கடைசியாகக் கொசுவின் பெயர், வீட்டில் வைத்த நீளமான பெயர். அதற்குக் கீழே ‘மொத்தம் 3’ என்று இருந்தது. டிக்கெட் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். இரண்டரை என்று யாரும் எழுதவில்லை.

ஒன்றரை மாதம் படகு ஓடவில்லை. பாலம் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவே அரை நாளாகும். அதனால் இக்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. பிறகு புதுப் படகு ஒன்று வந்தது. புதுப் பெயின்டில் அதே ‘20 பேர்’. அதே எட்டு ஜாக்கெட், அதே மூட்டை. மாமாவும் அதே மாமா. கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான்.

முதல் நாள் காலை. வானம் மூடிக் கிடந்தது. ஆறு சாம்பல் நிறத்தில் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கையில் கோணி ஊசியோடு குடோன் வாசல்வரை வந்தார்.

“ஓரத்துல உட்காராதே. நடுவுல போய் உட்காரு.”

“எல்லாரும் நடுவுல உட்கார்ந்தா ஓரத்துல யாரும்மா உட்காருவாங்க?”

 அம்மா உள்ளே போய் ஒரு மூட்டையை நறுக்கென்று குத்தினார்.

துறையில் பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் இருபத்துநான்கு பேர். பெரியவர்கள் ஏறி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். மாமா பிள்ளைகளை ஜோடி ஜோடியாக எண்ணத் தொடங்கினார். டிக்கெட்டின் முறை வந்தது. ஒன்றாம் வகுப்பில் படிக்கிற, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமியின் தலையோடு அவள் தலையைச் சேர்த்தார்.

“நீயும் இந்த ஓட்டைப்பல்லும் ஒண்ணு.”

டிக்கெட் தலையை விலக்கிக்கொண்டாள்.

“கொசு இடத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டீங்களா மாமா?”

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. ஏறும்மா, நேரமாகுது என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

“இவ ஒண்ணு. நான் ஒண்ணு. அப்படி எண்ணுங்க. ஏறறேன்.”

படகில் குடையோடு உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஒருவருக்குப் பொறுக்கவில்லை. முளைச்சு மூணு இலை விடலை, வம்பு பண்ணுது பார், நீ படகைக் கிளப்பு என்றார். பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

டிக்கெட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. நல்லவேளை, கோபம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. குடோன் வாசலில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு அவள் கண்ணில் பட்டது. ஏழாம் வகுப்பில் படிக்கிற நெட்டையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கே ஓடினாள். நெட்டை, மாமாவைவிட நான்கு விரல்கடை உயரம். படகில் அவளும் அரைதான்.

இருவரும் பையோடு தராசில் ஏறி நின்றார்கள். எடை போடுகிறவர் சிரித்துக்கொண்டே முள்ளைப் பார்த்தார்.

“எண்பத்தோரு கிலோ.”

“மாமா, நீங்க ஏறுங்க.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மாமாவால் மறுக்க முடியவில்லை. வந்து ஏறினார்.

“ஐம்பத்தெட்டு,” என்றார் எடை போடுகிறவர். இப்போது அவர் சிரிக்கவில்லை. “என்னப்பா இது. படகுல ஏத்துற நெல் மூட்டைன்னா கால் கிலோ கூடினாலும் இறக்கச் சொல்றே.”

 மாமா தராசை விட்டு இறங்காமல் அப்படியே நின்றார். பிறகு டிக்கெட்டுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

“ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துக் கேட்டைச் சாத்திடறாங்க. ரெண்டு நடை ஓட்டினா பாதிப் பிள்ளைங்க வெளியேதான் நிக்கணும். அதனாலதான் அன்னைக்கும்...”

“நீங்க இருபதுன்னு சொன்னதைக் கேட்டேன் மாமா. கோணிக்குள்ள இருந்தேன்.”

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

“நான் ரெண்டாவது நடையில வரேன்,” என்றாள் டிக்கெட். “வெளியே நின்னா கால் வலிக்கும். அவ்வளவுதானே.”

ஓட்டைப்பல் வந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. நெட்டை பையைக் கீழே வைத்தாள். ஒவ்வொருவராகப் பன்னிரண்டு பிள்ளைகள் கரையில் நின்றுவிட்டார்கள். பெரியவர்கள் எட்டுப் பேரில் ஒருவரும் இறங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நடை போய்ப் படகு திரும்பி வந்தது. டிக்கெட் ஏறியவுடன் பலகைக்கு அடியில் இருந்த மூட்டையை அவிழ்த்தாள். எட்டு ஜாக்கெட்டையும் சின்னவர்களாகப் பார்த்து எட்டுப் பேருக்கு மாட்டி, வாரை இறுக்கினாள். அவளுக்குக் கிடைக்கவில்லை. ஓட்டைப்பல்லுக்கு ஜாக்கெட் முழங்கால்வரை வந்தது. கழுத்தை உள்ளே இழுத்து வெளியே நீட்டி, “நான் ஆமை,” என்றது. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். படகு நகர்ந்ததும் அதுவும் நின்றது.

தண்ணீர் தெறித்தால் தெறிக்கட்டும், பை நனைந்தாலும் இருந்த இடத்தை விட்டு யாரும் நகரக் கூடாது என்று டிக்கெட் சொல்லிவைத்தாள். நடு ஆறு வந்தபோது அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. கொசு எப்போதும் உட்கார்ந்து பேசும் பக்கமாகக் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. பன்னிரண்டு பேரும் தூறலில் நின்றார்கள். வாட்ச்மேன் போய்ச் சொல்லி, முதல் பாடம் முடிகிற நேரத்தில்தான் தலைமையாசிரியை வந்தார். படகு மறுபடி ஓடுகிற முதல் நாளே இப்படியா என்று கேட்டார்.

“படகுல இருபது பேர்தான் டீச்சர் ஏறலாம். நாங்க முப்பத்திரண்டு.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் லேட்டாத்தான் வருவோம்.”

தலைமையாசிரியை அவளை உற்றுப் பார்த்தார். நனைந்திருந்த எல்லாரையும் பார்த்தார். வாட்ச்மேன் கையிலிருந்து சாவியை வாங்கித் தானே பூட்டைத் திறந்தார். நாளையிலிருந்து இரண்டாவது நடை வந்த பிறகுதான் கேட்டைச் சாத்த வேண்டும் என்று அவனிடம் சொன்னது, உள்ளே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் காதிலும் விழுந்தது.

சாயங்காலம் மாமா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இருபதாவது தலையோடு கயிற்றை அவிழ்த்தார். டிக்கெட் இரண்டாவது நடைக்குக் காத்திருந்து, சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மாமா மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கு மொத்தம் எத்தனை பேர் டிக்கெட்?”

“இருபத்தொன்பது மாமா. எண்ணி எண்ணிப் பார்த்துட்டேன்.”

“நாளைக்கு அந்த ஆபீசர்கிட்டப் போய்ச் சொல்லிடறேன். படகைப் பிடுங்கினா பிடுங்கட்டும்.”

“கொசுவை எப்படிச் சொல்லுவீங்க?”

மாமா சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“முழுசா ஒண்ணுன்னு.”

டிக்கெட் தலையாட்டினாள். நடு ஆற்றில் காற்று எழுந்தது. இடப்பக்கம் தண்ணீர் வாரியடித்தது. பைகள் எல்லாம் நனைந்தன. பிள்ளைகள் ஒருவரும் நகரவில்லை.