காணாமற்போன ஆறு கொங்கிறீற் கட்டிகள்

ஞாயிறு காலை எட்டு மணி. சோதனை அறை பூட்டியபடியே இருந்தது. உள்ளே தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்த ஆறு கொங்கிறீற் கட்டிகளைத்தான் காணவில்லை.

"கள்ளருக்கு இப்ப கல்லும் தேவைப்படுது!" என்று அலுத்துக்கொண்டே ஜீப்பிலிருந்து இறங்கினார் சப் இன்ஸ்பெக்டர் சிவபாதம். ஒழுங்காக நித்திரை கொண்டு ஒரு கிழமையாகிறது.

ஊர்காவற்றுறைக் கரையில் உல்லாசக் கப்பல் பயணிகளுக்கு இறங்குதுறை கட்டுகிறார்கள். சூரிய மின்சாரம், மழைநீர் சேர்க்கும் கூரை, நூறு வருடம் நிற்கும் தூண்கள் என்று வாசலில் பலகை வேறு.

"தூண் வார்த்த கலவையிலதான் அந்தக் கட்டியளும் செய்தது, சேர்," என்றான் இளம் பொறியியலாளர் வசீகரன். "நாளைக்கு உடைச்சு, தூளில உப்புப் பார்க்க இருந்தம். உப்பிருந்தா உள்கம்பி கறள்பிடிச்சுத் தூண் வெடிச்சிடும்."

"சாவி?"

"ஒண்டுதான். காவலாளி சவிரிமுத்துவிட்ட."

அல்லைப்பிட்டி ஊரவரான சவிரிமுத்து முன்னுக்கு வந்தார். "விடியப் பூசைக்குப் போனனான் ஐயா. சாவி கொட்டில் ஆணியில கிடந்தது. ஞாயிறெண்டா அப்பிடித்தான், எல்லாருக்கும் தெரியும்."

"வேற ஆள் அகப்படாட்டி நீர்தான் மறியல் வீட்டுக்குப் போகவேணும்."

கிழவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சிவபாதத்துக்குப் பாவமாயிருந்தது. பாவம் பார்த்து வழக்கு எழுத ஏலாதே.

அடுத்து, கலவைக்குப் பொறுப்பான கதிர்காமு. சரவணை ஊர் ஆள்.

"நீலத் தாங்கியில பவுசர் லொறி கொண்டுவாற நல்ல தண்ணி. அது கலவைக்கு. கறுப்புத் தாங்கியில கிணத்து உவர்த் தண்ணி, கைகால் கழுவ."

"ரெண்டையும் ஆர் நிரப்பிறது?"

"நான்தான் ஐயா."

அவனுடைய மோட்டார் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான்கள் கட்டியிருந்தன.

"உதென்ன?"

"கறுப்புத் தாங்கித் தண்ணி. வீட்டை உடுப்புத் தோய்க்க."

"வீட்டில கிணறில்லையோ?"

"இருக்கு. உதைப்போல உவர்தான்."

சிவபாதம் தலையாட்டிவிட்டு, சீமெந்துத் தூசி படிந்த கைகளைக் கறுப்புத் தாங்கியடியில் சவுக்காரம் போட்டுக் கழுவினார். நுரை போகமாட்டேன் என்றது. மூன்று தரம் அலம்பினார். ஜீப்பில் ஒரு காலை வைத்தவர், "அட சீ!" என்று திரும்பி வந்தார்.

"வசீகரன், உந்த நீலத் தாங்கித் தண்ணியை நாக்கில வைச்சுப் பாரும்."

வசீகரன் வைத்தான், உடனே துப்பினான். முகம் வெளிறிப்போயிற்று.

"உவர்த் தண்ணியில சவுக்காரம் நுரைக்காது. கறுப்புத் தாங்கியில எனக்கு முழங்கை வரைக்கும் நுரை. பவுசர்த் தண்ணி அதுக்குள்ள கிடக்கு. கலவைக்கு உவர்த் தண்ணி போயிருக்கு. நீலத்தில அள்ளினாக் கேள்வி வரும், கறுப்பில அள்ளினா ஆர் கேக்கிறது? வீட்டில உவர்க் கிணத்தை வைச்சுக்கொண்டு உவர்த் தண்ணியை மினக்கெட்டுச் சுமக்கிற ஆளை நானும் கேட்டுப்போட்டுச் சும்மா விட்டிட்டன். கட்டியளைக் கடலுக்கதானே போட்டனீர், கதிர்காமு?"

கதிர்காமு மோட்டார் சைக்கிளிலிருந்த கானைப் பிடித்துக்கொண்டான்.

"பேத்திக்குக் கிட்னி வருத்தம் ஐயா. உவர் குடிக்கக்கூடாதாம். எங்கட ஒழுங்கைக்குத் தண்ணி வந்தா வந்ததுதான். இஞ்ச தூணுக்கு ஒவ்வொரு நாளும் பவுசர் வருது. பார்க்க வயிறு பத்தி எரிஞ்சுது. பிறகு அயலிலயும் கேட்டினம். குடுத்தன்."

"தூண் அங்க நிக்குது. துளைச்சுப் பார்த்தாலும் உப்புத் தெரியும். கட்டியை எறிஞ்சு என்ன கண்டீர்?"

"பயத்தில ஒண்டும் ஓடேல்லை ஐயா."

"டேய்!" சவிரிமுத்து பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார். "நான் மறியலுக்குப் போறதைப் பார்த்துக்கொண்டுதானேடா நிண்டனி! ஒரு வார்த்தை வந்துதோ உன்ர வாயால?"

கூட வந்திருந்த கொன்ஸ்டபிள் இருவரையும் விலக்கி, கதிர்காமுவை ஜீப்பில் ஏற்றினான்.

"தூணை இடிச்சுத் திருப்பி வார்க்க வேணும் சேர்," என்றான் வசீகரன். "அதுக்கும் நல்ல தண்ணிதான்."

சிவபாதம் அலுப்போடு ஜீப்பில் ஏறினார். ஜீப் புறப்படும் நேரம் சவிரிமுத்து வந்து கதவைப் பிடித்தார்.

"எங்கட வீட்டுக்கு வாற தண்ணியில ஒரு குடம் சரவணைக்குக் கொண்டுபோறன். உனக்கில்லையடா. உன்னை நான் மன்னிக்கமாட்டன். அந்தப் பிள்ளைக்கு."

கதிர்காமு, "அண்ணை" என்று சத்தமாக அழத் தொடங்கினான்.