படம் நின்றால் கதவு திறக்கும்

எழுந்து வரும்போது மேசைக்கு அடியில் அவள் தள்ளிவிட்டு வந்த நாற்காலி, லேப்டாப் திரையில் சற்றே வெளியே இழுக்கப்பட்டிருந்தது.

அவள் குளிரறைக்குள் நின்று அதைப் பார்த்தாள். எதையும் தாங்கும் என்று விற்கப்படும் லேப்டாப்களை உறையவைத்துச் சோதிப்பது அப்பாவின் வேலை. பள்ளி விடுமுறையில் அவளும் கூடமாட உதவுவாள். ஒரு லேப்டாப் உள்ளே, இன்னொன்று வெளியே மேசையில். இரண்டுக்கும் இடையே விடிய விடிய வீடியோ அழைப்பு ஓடும். படம் நின்றால் மணி அடிக்கும். அப்பா கதவைத் திறந்து எடுப்பார்.

"யானை மிதிச்சாலும் தாங்கும்னு எழுதியிருக்கான். நம்ம வாலு கை படட்டும், அப்புறம் பாப்போம்" என்று சற்றுமுன்தான் கிண்டலடித்திருந்தார்.

கேமராவை நேராக்க உள்ளே வந்தவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உட்பக்கக் கைப்பிடி பழுதாகி வெறுமனே சுற்றும். அதனால் குளிரை ஏற்றுவதற்கு முன் அப்பா இருமுறை தட்டுவார்; உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்ட வேண்டும்.

டொக். டொக்.

தட்டினாள்.

"வாலு, உள்ளயா இருக்க?" லேப்டாப்பில் அப்பாவின் குரல் கேட்டது.

"இல்லப்பா, இங்க உன் பின்னாடிதான் நிக்கிறேன். அது குழாய் சத்தம்."

அவளுடைய குரல். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

தலைக்கு மேல் விசிறிகள் உறுமத் தொடங்கின. பழைய இரும்பும் ஈரத் துணியும் கலந்ததுபோல் ஒரு வாடையோடு இறங்கிய காற்று ஸ்வெட்டருக்குள் புகுந்து, முதுகுத்தண்டில் ஒவ்வொரு கணுவாகத் தடவிக்கொண்டே போனது. திரைப்பக்கம் குனிந்து கத்தினாள். அப்பா திரும்பி நேராக அவளைப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சடை தெரிந்தது. அவள் போட்டிருக்கும் அதே மஞ்சள் ஸ்வெட்டர்.

"யாரோ கூப்ட்ட மாதிரி இருந்துச்சு."

"பசியில உனக்குக் காதடைக்குது. வாப்பா, வீட்டுக்குப் போலாம். அம்மா திட்டும்."

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். உள்ளே இருக்கும் கேமரா எடுக்கும் படம் அதில் தெரியும்; வெளியே அப்பா பார்ப்பதும் அதைத்தான். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருந்தது.

அவர் கிளம்பும் முன் படம் நிற்க வேண்டும். அணைக்கும் பட்டனை அழுத்தினாள். சோதனைக்காக அப்பா எல்லா பட்டன்களையும் பூட்டியிருந்தார். லேப்டாப்பைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அடித்தாள். படம் ஓடியது. அதைச் சுவரில் மோதினாள். ஓடியது. ஏறி மிதித்தாள். விரல்கள் மரத்துவிட்டன. மறுபடி மிதித்தாள்.

சின்னக் கட்டம் ஒருமுறைகூட ஆடவில்லை.

அப்பா சாவியை எடுத்தார். திரையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார்.

"பரவால்ல, சொன்ன மாதிரிதான் இருக்கு. கொஞ்சங்கூட அசையல."

"அப்பா" என்றாள். சத்தம் வரவில்லை. ஆவி மட்டும்.

அப்பாவோடு வாசல்வரை போன அது, திரும்பி வந்தது. அவள் கண்ணைப் பார்த்தபடியே நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளியது. பிறகு விளக்கை அணைத்தது.

பெரிய படம் இருண்டது. மூலைக் கட்டத்தில் வெறும் சுவர். அதில் உறைபனி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

படம் நிற்கவில்லை.