மிச்சம் வைத்த குப்பி

எது முதலில் நடந்தது என்று அவளுக்கு இன்றும் நிச்சயமில்லை. மகள் குளிர்கிறது என்று சொன்னது முந்தியதா, அவள் மகளின் செல்கள் இருந்த பையை உறைகுளிர்த் தொட்டியில் இறக்கியது முந்தியதா? இறக்கிவிட்டு வந்த பிறகுதான் என்று நினைக்கிறாள். அப்படி நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.

செல்களை உறைய வைக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. மகளுக்கு ரத்தத்தில் புற்று. கடும் சிகிச்சைக்கு முன் மகளின் செல்களை எடுத்து உறைய வைத்து, பிறகு அவளுக்கே ஏற்ற வேண்டும். உறைய வைக்கச் சேர்க்கும் பழைய மருந்தில் பூண்டு நெடி அடிக்கும். கால்வாசி செல் செத்துப்போகும். புதிய கரைசலில் நெடியில்லை, நஞ்சில்லை. மகளுக்காக அவளே கெஞ்சி வாங்கினாள்.

“பொண்ண தூங்க வெச்சாச்சா?” என்று கூட வேலை செய்யும் அக்கா கேட்டாள். உறைய வைப்பதை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“வெச்சாச்சுக்கா.”

வீட்டில், ஜன்னல் கம்பி சுடும் கோடை மதியத்தில், மூன்று போர்வைக்கு அடியில், தம்ளர் விளிம்பில் பற்கள் மோதி மோதிக் கிடுகிடுக்க, ஈர இரும்பு வாடையுடன் மகள் சுருண்டு கிடந்தாள்.

“அம்மா, மேல மூடியப் போட்டுட்டாங்க. இருட்டா இருக்கு.”

“காய்ச்சல்ல உளர்ற. தூங்குடி.”

“அங்க யாருக்குமே தூக்கம் வரலம்மா.”

ஆய்வகத்துக்கு ஓடினாள். மகளின் செல்களில் கொஞ்சம் தனியே உறைய வைத்த மாதிரிக் குப்பிகளில் ஒன்றை அக்கா சோதனைக்கு எடுத்திருந்தாள்.

“ஒண்ணுகூடச் சாகல,” என்றாள், முகம் பார்க்காமல்.

“தூங்குச்சாக்கா?”

அக்கா குப்பியைத் தள்ளி வைத்தாள்.

“உருக்கறதுக்கு முன்னாடியே அசைஞ்சுதுடி.”

“பையை எடுத்துடறேன்.”

“எடுத்தா வீணாயிடும். சிகிச்சை முடியல. அப்புறம் எதை ஏத்துவ? பொண்ணு வேணாமா உனக்கு?”

வேண்டும். தொட்டியருகே நின்றாள். வெண்புகை. குளிர். மூடியைத் தொட்டாள்.

உள்ளிருந்து ஒரு தட்டல்.

திறக்கவில்லை.

சிகிச்சை முடிந்து செல்களை ஏற்றினார்கள். மகள் பிழைத்தாள், பள்ளிக்குப் போகிறாள், அவள் கண் மூடி யாரும் பார்த்ததில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டாள். மாதிரிக் குப்பிகளில் ஒன்றை எப்போதும் தொட்டியில் மிச்சம் வைப்பது அங்கே வழக்கம். “குப்பில இருக்கறவளையும் கூட்டிட்டு வாம்மா,” என்று மகள் காலையில் பை மாட்டிக்கொண்டே சொல்கிறாள். உருக்கினால் ஏற்றுவதற்கு வேறு உடம்பில்லை. அவள் தினமும் ஆய்வகத்தில் தொட்டி மூடியின் மேல் கை வைத்து நிற்கிறாள்.

தட்டல். பிறகு மெல்ல, “அம்மா.”