மதிவாணன் பெயரில் ஒரு வேப்பங்கன்று

அன்று மாலை ஹாலின் முன்வரிசையில் இருந்தவர்கள் நான்கு பேர். மைன்ஸில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாடசாமி. அவர் மனைவி நாகம்மாள். அதே மைன்ஸில் வேலை பார்க்கும் மகன் வெங்கடேஷ். தம்பி மதிவாணனின் மனைவி திலகவதி.

மேடையில் மூன்று பேர். கோயில் கமிட்டி குஞ்சிதபாதம், ஒரு பாஸ்டர், பள்ளிவாசல் ஹஜ்ரத்.

இல்லாதவர், மதிவாணன்.

வடக்கே கான்ட்ராக்ட் வேலைக்குப் போனவர். விருத்தாசலத்தில் ரயில் ஏற்றிவிட்டதே வெங்கடேஷ்தான். இரண்டு வருடமாக ஒரு போன்கூட இல்லை. திலகவதி மட்டும் நெற்றிக் குங்குமத்தோடு காத்திருந்தாள்.

கோயில், சர்ச், பள்ளிவாசல் மூன்றும் சேர்ந்து நடத்தும் விழா அது. பண்டிகை வந்தால் உறவினர்களுக்குப் பட்டும் பாத்திரமும் தருவதற்குப் பதில், அவர்கள் பெயரில் ஏழைக்கு ஒரு தையல் மெஷின், ஒரு சக்கர நாற்காலி. உயிரோடு இருப்பவர் பெயரைப் படித்தால் எல்லோரும் கை தட்டுவார்கள். இறந்தவர் பெயர் என்றால் எழுந்து நிற்பார்கள். கொடுத்தவர் நடுவதற்கு ஒரு வேப்பங்கன்றும் உண்டு.

கை தட்டல் முடிந்தது. இறந்தவர் பட்டியலுக்கு ஹால் எழுந்து நின்றது.

பாஸ்டர் படித்தார்.

"மதிவாணன்... பிளாக் பதினேழு."

திலகவதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மாடசாமி விறைத்த முதுகோடு மேடை ஏறினார்.

"என் தம்பி உசுரோட இருக்கான். எவன் குடுத்த பேரு இது?"

குஞ்சிதபாதம் நெளிந்தார். "வெளிய சொல்ல வேணாம்னு கெஞ்சிக்கினு குடுத்தாங்கங்க. மூணு பேரும் வாக்கு குடுத்துட்டோம்."

எவனோ விளையாடியிருக்கிறான், விட்டுவிடலாம் என்று வெங்கடேஷ் தந்தையின் கையைப் பிடித்து இழுத்தான். மாடசாமி உதறினார். ஒரு சுமங்கலியைச் சபை நடுவே விதவையாக்கியிருக்கிறார்கள். குடும்ப மானம்! இன்ஸ்பெக்டர் செங்குட்டுவனுக்கு அவரே போன் செய்தார்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தம்பியின் போட்டோ ஒன்று வேண்டும், வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். பிறகு மெதுவாக...

"விளையாட்டா இருந்தா பரவால்ல சார். இல்லன்னா... அவர் செத்தது தெரிஞ்ச ஒருத்தர் உங்க ஊர்லதான் இருக்காரு."

மாடசாமி போனை வைத்தார்.

பெண்களோடு அவர் குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. வெங்கடேஷின் பைக் ஏற்கெனவே வாசலில் நின்றது. போட்டோவை எடுத்தார். தோட்டப்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

போனார்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது.

நடுவில் ஒரு வேப்பங்கன்று!

வெங்கடேஷ் குவளையோடு நிமிர்ந்தான்.

"நீயாடா?"

அவன் மறுக்கவில்லை.

"திதி குடுக்க முடியலப்பா. ஊருக்கு சித்தப்பா உயிரோட இருக்காரே. கண்ண மூடினா இந்தக் கல்லு மேல வந்து உக்கார்றாரு. பேசமாட்டாரு. பாத்துட்டே இருப்பாரு. அவர் பேர்ல ஒரு தர்மமாவது... போன வருஷ விழாவன்னிக்கு எனக்கு ஷிப்ட். மைக்ல படிப்பாங்கன்னு தெரியாது."

வேலை பர்மனென்ட் ஆக்கித் தருகிறேன் என்று கான்ட்ராக்ட் ஆட்களிடம் அவன் பணம் வாங்கியிருக்கிறான். சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார். மற்றவர்கள் கோவில்பட்டிக்குக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்த நாளில் சண்டை. ஒரு தள்ளல். கல்லில் தலை. ரயில் ஏற்றிவிட்ட கதை அதற்குப் பிறகு!

"போலீஸ்கிட்ட போறேன்னு அவர் சொல்லலப்பா. உங்ககிட்ட சொல்லிடுவேன்னாரு. அதுக்குத்தான் பயந்தேன்."

மாடசாமி கல்லைப் பிடிக்கப் போனார். பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

"புகார் வேண்டாம்னு சொல்லிடுங்கப்பா. நம்ம குடும்ப மானம்..."

பின்கதவில் திலகவதி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அழவில்லை. மாடசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க மாமா. ஜீப்ப திருப்பி அனுப்பப் போறீங்களா?"

மாடசாமி தலை குனிந்து ஒருமுறை அவளைக் கும்பிட்டார். வாழ்க்கையில் முதல் தடவை! பிறகு முதுகை நிமிர்த்தினார்.

"இன்ஸ்பெக்டர்... பின்னால வாங்க. மண்வெட்டிய நானே எடுத்துத் தர்றேன்."

மதிவாணனின் ஆவியே நேரில் வந்து, பெயரும் பணமும் கொடுத்துவிட்டுப் போனதாகப் பதினேழாவது பிளாக்கில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

தவறு.

கொடுத்தவனுக்குக் கடலூர் ஜெயிலில் மூன்று வேளையும் நன்றாகப் பசிக்கிறது!