செண்பகவல்லியின் உடம்புக்குக் காவல்

புறப்படும் நாளன்று செண்பகவல்லி தன் உடம்புக்கான குறிப்பை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

"காலையில் ஒரு காபி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து மணிக்குத் தலை வலிக்கும். இடது முழங்கால் படியேறும்போது தகராறு செய்யும். கத்திரிக்காய் ஆகாது, அரிக்கும்."

ஊர் சுற்றப் போகிற எல்லோரும் இப்படி எழுதி வைப்பது வழக்கம்தான். விமானங்கள் நின்று நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது யாருடைய உடம்பும் ஊரை விட்டு நகர்வதில்லை, மனம் மட்டும் போய் வருகிறது. அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று ஜோடி சேர்த்து, இருவர் மனத்தையும் ஒரே நேரத்தில் இடம் மாற்றிவிடுவார்கள். மனப்பெயர்ச்சி என்று பெயர். மூன்று நாள் அவர் உடம்பில் நீங்கள், உங்கள் உடம்பில் அவர்.

பாளையங்கோட்டையில் தனியாக இருந்த செண்பகவல்லிக்கு ஐம்பத்து மூன்று வயதில் இதுதான் முதல் பயணம். புவெனஸ் அயர்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அந்த ஊரில் நவம்பர் மாதம் தெருவெல்லாம் ஊதாப் பூ கொட்டிக் கிடக்கும் என்று எங்கோ படித்திருந்தாள்.

பயம் இல்லாமல் இல்லை. மதுரைக்காரி ஒருத்தியின் உடம்பு மொட்டைத் தலையோடு திரும்பி வந்ததாக ஒரு பேச்சு இருந்தது. ஆகவே பீரோவைப் பூட்டினாள். கம்மலைக் கழற்றி வைத்தாள். கூடத்துச் சுவர்த்திரையின் நெற்றியில் ஒரு காவற்கண்ணைப் பொருத்தினாள். எந்த ஊரிலிருந்தும் அதன் வழியே தன் கூடத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

கண் விழித்தபோது கிராசியேலா என்பவளின் உடம்பில் இருந்தாள். உயரமான, எலும்பு கனத்த உடம்பு. நிற்கும்போது தரை எங்கோ கீழே கிடந்தது. இங்கும் ஒரு குறிப்பு, தமிழாக்கப்பட்டு, ஒட்டியிருந்தது: "தினமும் மாலையில் நடனமாடிப் பழகிய உடம்பு இது. ஆடாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தயவுசெய்து வெளியே அழைத்துப் போங்கள்."

ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் ஊதா. வழிகாட்டி இயந்திரம் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. செருப்பை மாட்டியவள், கிளம்புமுன் ஒரே ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிடலாம் என்று அந்த அறையின் சுவர்த்திரையைப் போட்டாள்.

அவள் உடம்பு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் அசையவில்லை. கண்ணைக்கூட அபூர்வமாகத்தான் சிமிட்டியது. அது தன் முகம்தான். ஆனால் அந்த முகம் அப்படி வெறித்து அவள் பார்த்ததில்லை. செண்பகவல்லி செருப்பைக் கழற்றினாள். இயந்திரத்தை மதியம் வரச் சொன்னாள். மதியம் வந்ததை மறுநாள் வரச் சொன்னாள்.

நிறுவனத்தைக் கூப்பிட்டு, உடனே திரும்ப வேண்டும் என்றாள். மனம் ஓர் உடம்பில் மூன்று நாள் ஊறாமல் எடுத்தால் பாதி அங்கேயே தங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினார்கள். ஊரில் தன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த தங்கை கோமதியைக் கூப்பிட்டாள்.

கோமதி போய் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எக்கா, சும்மாதான் உக்காந்திருக்கா. நீ இருக்கும்போதும் இப்படித்தானே உக்காந்திருப்ப. எனக்கு வித்தியாசமே தெரியல."

"என்னட்டி பாக்கா அவ?"

"சுவத்துல ஏதோ நாடகம் ஓடுது. ஒரு பொம்பள மூஞ்சி மட்டுந்தான் தெரியுது. கதையே நகரலக்கா."

இரண்டாம் நாள் காலை பசி தாங்கவில்லை. செண்பகவல்லி ரொட்டி அறுக்க நீளக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு திரை முன்னால் வந்தாள்.

திரையில் அவள் உடம்பு விருட்டென்று எழுந்தது. இடது காலை இழுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் ஓடியது. அங்கே காவற்கண் எட்டாது. என்ன செய்கிறதோ என்று அவள் பதறிய அந்த ஒரு நிமிடம் ஒரு யுகமாக இருந்தது. திரும்பி வந்த உடம்பின் கையில் அரிவாள்மனை.

அது நாற்காலியில் உட்கார்ந்தது. அரிவாள்மனையை மடியில் வைத்துக்கொண்டது. இடது மணிக்கட்டு அலகிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் இருந்தது. அது அவளுடைய மணிக்கட்டு.

செண்பகவல்லி ரொட்டியைக் கீழே போட்டாள். கத்தியைப் போடத் தோன்றவில்லை. மீண்டும் தங்கையைக் கூப்பிட்டாள். ஆயுதத்தோடு இருக்கிறவளை நெருங்க மாட்டேன் என்று கோமதி கையை விரித்துவிட்டாள். வழிகாட்டி இயந்திரம் கதவைத் தட்டி, கல்லறைத் தோட்டம், வண்ண வீடுகள், ஆற்றங்கரை என்று பட்டியல் படித்துவிட்டுப் போயிற்று. அங்கே அந்த உடம்பு தூங்கி விழுந்தபோது இவளும் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். கத்தி கையிலேயே இருந்தது. இடுப்பு மரக்கட்டையாக இறுகிப்போனது.

மூன்றாம் நாள், குறித்த நேரத்தில் மனம் திரும்பியது.

முதலில் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். முழுசாக இருந்தது. மடியில் அரிவாள்மனை. காபி குடிக்காத தலை விண்விண்ணென்று தெறித்தது. அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

எதிரே அவளுடைய சுவர்த்திரை. அதில், அவள் மூன்று நாள் அடைந்து கிடந்த அதே அறை. நாற்காலியில் ஓர் உயரமான பெண், கையில் ரொட்டிக் கத்தியோடு, அழுது வீங்கிய முகத்தோடு, நேராக இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தன் வீட்டுச் சுவர்த்திரையில் ஒரு காவற்கண் பொருத்தியிருந்தாள்.

பிறகு கிராசியேலா கத்தியை மெல்லத் தரையில் வைத்தாள். செண்பகவல்லி அரிவாள்மனையை இறக்கி வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் நிறுவனம் பயண ஆல்பத்தை அனுப்பியது. வெளியே போனாலும் போகாவிட்டாலும் எல்லோருக்கும் தானாகவே தயாராகிவிடும் இருநூறு படங்கள். ஊதா மரங்களின் கீழே செண்பகவல்லி, ஆற்றங்கரையில் செண்பகவல்லி. குடும்பக் குழுவில் போட்டாள். கிராசியேலாவும் நெல்லையப்பர் கோவில் தூண்களுக்கு நடுவே நின்று சிரிக்கும் படங்களைத் தன் பக்கத்தில் போட்டிருந்தாள். போன ஊரில் எது மிகவும் பிடித்தது என்று நிறுவனம் கேட்டிருந்தது. செண்பகவல்லி ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பூக்கள் என்று எழுதினாள்.

படங்களைப் பார்த்த கோமதிக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த மாதம் தானும் போகப் பதிந்திருப்பதாகச் சொன்னாள். வீட்டில் காவற்கண் ஒன்று வைத்தால் போதுமா என்று கேட்டாள்.

செண்பகவல்லி சொன்னாள்:

"ஒண்ணு காணாதுட்டி. அடுக்களையிலயும் ஒண்ணு வையி."